மின்கம்பத்துக்கும் ஒரு கும்பிடு: கஸுஹிரோ சோடாவின் 'செங்க்யோ'

எங்கள் வாசிப்புக் குழுவில் அந்த மாத நாவலை யாருமே முடித்துவிட்டு வரவில்லை. ஆறு பேர் வந்திருந்தோம். வந்ததற்கு ஏதாவது செய்வோம் என்று நண்பன் லேப்டாப்பை டிவியோடு இணைத்து ஒரு ஜப்பானிய ஆவணப்படத்தைப் போட்டான். இரண்டு மணி நேரம். பின்னணி இசை கிடையாது, விளக்கம் சொல்லும் குரல் கிடையாது. அரை மணி நேரத்தில் தூங்கிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆறு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

படத்தின் பெயர் 'செங்க்யோ'. தேர்தல் என்று அர்த்தம். கஸுஹிரோ சோடா இயக்கி 2007இல் வெளிவந்தது. களம் கவாசாக்கி, தோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவே இருக்கும் பெரிய தொழில் நகரம். 2005 அக்டோபரில் ஒரே நாளில் அங்கே மூன்று தேர்தல்கள் நடந்தன. ஒன்று நகரத்தின் மேயரைத் தேர்ந்தெடுக்க, இன்னொன்று நாடாளுமன்ற மேலவை இடைத்தேர்தல், மூன்றாவது நகர மன்றத்தில் காலியாக இருந்த ஓர் இடத்துக்கான இடைத்தேர்தல். சோடா இந்த மூன்றில் ஆகச் சின்னதை எடுத்துக்கொண்டார். நகர மன்றத்தில் ஒரே ஒரு நாற்காலி.

அந்த நாற்காலிக்குப் போட்டியிடுபவர் கஸுஹிகோ யமாவுச்சி. எல்லோரும் அவரை யமா-சான் என்று கூப்பிடுகிறார்கள். நாற்பது வயது. அஞ்சல்தலையும் பழைய நாணயமும் விற்றுக்கொண்டிருந்தவர், அரசியல் அனுபவம் பூஜ்யம். சோடாவுக்குப் பல்கலைக்கழக நண்பர். ஆளுங்கட்சியான எல்.டி.பி. அவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வட்டாரத்தில் கொண்டுவந்து இறக்குகிறது. வெளியூர்க்காரர், யாரையும் தெரியாது. கையிலிருக்கும் காசையெல்லாம் போட்டுவிட்டு, மனைவி சயூரியோடு ஒரு சின்ன வாடகை வீட்டில் தங்கிப் பிரச்சாரம் செய்கிறார்.

பிரச்சாரம் என்றால் கொள்கை விளக்கம் என்றெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. அவருக்குக் கட்சி சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: பெயரைச் சொல். மூன்று விநாடிக்கு ஒரு தடவை சொல். கடந்து போகிறவன் காதில் அவ்வளவு நேரம்தான் விழும். ஆகவே யமா-சான் தோளில் பெயர்ப்பட்டையைப் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கையுறையோடு, ரயில் நிலைய வாசலிலும் ஒலிபெருக்கி வேனிலும் 'யமாவுச்சி, யமாவுச்சி, எல்.டி.பி.யின் யமாவுச்சி' என்று நாள் முழுக்கச் சொல்கிறார். குனிந்து வணங்குகிறார். கண்ணில் படும் எல்லோரையும் வணங்க வேண்டும், மின்கம்பமாக இருந்தாலும் வணங்கிவிட்டுப் போ என்பது அங்கே பழைய தேர்தல் பாடம். திருவிழாவுக்குப் போகிறார், முதியவர்கள் கூடும் இடத்துக்குப் போகிறார், குழந்தைகளின் விளையாட்டுப் போட்டிக்குப் போகிறார். போகிற இடமெல்லாம் ஒரு மூத்தவர் அவரைத் திட்டுகிறார். நேரத்துக்கு வரவில்லை, சரியாகக் குனியவில்லை, முதலில் வணங்க வேண்டியவரை விட்டுவிட்டு அடுத்தவரை வணங்கிவிட்டாய் என்று.

சயூரியின் கதை தனி. அவர் வேலைக்குப் போகிறவர். தன்னை அறிமுகப்படுத்தும்போது 'ட்ஸுமா' என்று சொல்லாதே, 'கனாய்' என்று சொல் என்கிறார்கள். இரண்டுக்கும் மனைவி என்றுதான் பொருள், ஆனால் கனாய் என்ற சொல்லுக்குள் வீடு இருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவள். இங்கே நாங்கள் சிரிப்பதை நிறுத்தினோம். மனைவி, இல்லாள், வீட்டுக்காரம்மா என்று தமிழிலும் எதைத் தொட்டாலும் வீடுதான் வருகிறது என்று தோழி ஒருத்தி சொன்னாள். வேலையை விட்டுவிடேன் என்று சயூரிக்குக் கட்சிக்காரர்கள் சொல்லிப் பார்க்கிறார்கள். கூட்டத்தில் சிரித்த முகமாக நிற்பவர், தனியாக இருக்கும்போது கணவனிடம் பொரிந்து தள்ளுகிறார். நீ தோற்றால் நம் சாப்பாட்டுக்கு யார் வழி செய்வார்கள் என்பதுதான் அவருடைய கோபத்தின் சாரம். இரண்டு மணி நேரத்தில் அசல் மனிதர்கள் பேசுவது போன்ற பேச்சு இந்த ஓர் இடத்தில்தான் கேட்டது என்று எனக்குத் தோன்றியது.

படம் முடிந்ததும் வழக்கமான முடிவுக்கு வந்தோம். ஜனநாயகம் என்ற சடங்கைக் கேலி செய்யும் படம், பெயரை மட்டும் சொல்லி ஓட்டு வாங்கும் கூத்து. சோடா எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று ஒருவன் சொன்னான். நானும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

*

அடுத்த வாரம் வீட்டில் தனியாக மறுபடியும் பார்த்தேன். உண்மையில் தனியாக இல்லை, தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறை நெருங்குகிறார். ஆங்கில சப்டைட்டில் அவருக்குக் கண்ணுக்கு எட்டாது. இருந்தாலும் ஐந்தாவது நிமிடத்தில், "எலெக்‌ஷனா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஜப்பான்காரனா கும்பிடுறான்?" என்றார்.

தாத்தா பினாங்கில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சின்னப் பையன். சாலையில் காவலுக்கு நிற்கும் சிப்பாயைக் கடந்து போகும்போது குனிந்து வணங்க வேண்டும், மறந்தால் கன்னத்தில் அறை விழும். தன் அப்பா அப்படி அறை வாங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். இதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார், நான் பாதி காதில்தான் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு டிவியில், தோளில் பட்டை கட்டிய ஒரு ஜப்பான்காரர், பேருந்துக்கு நிற்கும் கிழவிக்கும் சைக்கிளில் போகும் பையனுக்கும் இடுப்பு வளையக் குனிந்துகொண்டிருந்தார். தாத்தா சிரிக்கவில்லை. "ஓட்டு வேணும்ல, குனிஞ்சுதான் ஆவணும்" என்றார். பிறகு, "பினாங்குல எங்களுக்கும் வந்து கும்பிட்டிருக்கானுங்க. முனிசிபல் எலெக்‌ஷனுக்கு" என்றார்.

எனக்கு இருபத்தெட்டு வயது. கட்டடப் பொறியியல் படித்துவிட்டு வடிகால் வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது என் வரைபடம் ஏதோ ஒரு நகராண்மைக் கழகத்தின் ஓ.எஸ்.சி. கவுண்டரில் இருக்கும். எந்த இலாகாவில் எந்த முத்திரை, எந்த அதிகாரி எதைத் திருத்தச் சொல்வார் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் என் வீடு இருக்கும் பகுதியின் கவுன்சிலர் யார் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் வந்து குனிந்ததில்லை. வர வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

தாத்தா சொன்னதைப் பிறகு தேடிப் படித்தேன். ஜார்ஜ்டவுனில் 1951இல் நகராட்சித் தேர்தல் நடந்திருக்கிறது. சுதந்திரத்துக்கு ஆறு வருடம் முன்பே. 1957 ஜனவரி 1இல் அது மாநகரமானது. 1950களின் கடைசியில் அதன் மேயராக இருந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ்.இராமநாதன். மக்கள் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், கவுன்சிலர்கள் தங்களுக்குள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் பி.பி.பி. நகர மன்றத்தைக் கையில் வைத்திருந்தது. மத்தியில் ஒரு கூட்டணி ஆள, பட்டணங்களை எதிர்க்கட்சிகள் ஆண்ட காலம் அது.

1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மோதல் அடுத்த வருடமே முடிந்துவிட்டது, தேர்தல் திரும்பவில்லை. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு தமிழர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடர வேண்டும் என்று 1968இல் ஆணையம் எழுதியது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976இன் ஊராட்சிச் சட்டம் தேர்தல் கதையை முடித்து வைத்தது. 2012இல் பினாங்கு மாநிலம் சொந்தமாக ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. இன்றைக்கு எட்டிலிருந்து இருபத்து நான்கு கவுன்சிலர்கள் வரை மாநில அரசே நியமிக்கிறது. டத்தோ பண்டாரும் நியமனம்தான். தீபகற்பத்தில் நகர மன்றத்துக்கு ஓட்டுப் போட்ட கடைசித் தலைமுறை எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்களில் ஒருவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, நானும் என் நண்பர்களும் சிரித்தது எதைப் பார்த்து? சுக்காய் பிந்து வருடத்துக்கு இரண்டு தடவை கட்டுகிறோம். லொங்காங் அடைத்துக்கொண்டால் ஒய்.பி.யிடம் போகிறோம். சட்டமன்றத்தில் சட்டம் இயற்ற வேண்டியவர் எங்கள் சாக்கடைக்கு முன்னால் நின்று படமெடுத்து முகநூலில் போடுகிறார். பொதுத் தேர்தலில் அந்தப் படத்தை நினைவில் வைத்துத்தான் ஓட்டுப் போடுகிறோம். நம்மிடம் இல்லாத ஒன்றை வைத்திருப்பவன் அதை அசிங்கமாகப் பயன்படுத்துகிறான் என்று பார்த்து ஆறு பேர் சிரித்திருக்கிறோம். சோறு இல்லாத வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக் குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்ன மாதிரிதான்.

*

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருக்கலாம். 'கேலிப்படம் என்று நினைத்தோம், உண்மையில் ஏக்கம் தரும் படம்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட நினைத்ததும் உண்டு. ஆனால் மூன்றாவது முறை சில காட்சிகளை மட்டும் ஓட்டிப் பார்த்தபோது அந்த ஏக்கத்தையும் படம் அனுமதிக்கவில்லை.

யமா-சான் யாரைப் பார்த்துக் குனிகிறார் என்று கவனித்துப் பாருங்கள். தெருவில் குனியும்போது அவர் உடம்பு ஓர் இயந்திரம். அடுத்த ஆள், அடுத்த ஆள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. கட்சி மூத்தவர்களுக்கு முன்னால்தான் அவர் உண்மையாகப் பயந்து குனிகிறார். அவரைத் தேர்ந்தெடுத்தது அவர்கள், வேனில் அவருக்காகக் கத்துவது அவர்கள் ஆட்கள், திட்டுவதும் அவர்கள்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அங்கே ஒரு வட்டாரத்திலிருந்து பல கவுன்சிலர்கள் தேர்வாகிறார்கள், ஆளுக்கு ஓர் ஓட்டு. இடைத்தேர்தல் என்பதால் இப்போது ஓர் இடம்தான். ஒன்றரை வருடத்தில் முழுத் தேர்தல் வரும்போது இதே கட்சியின் கவுன்சிலர்கள் ஒருவருக்கொருவர் போட்டி. அதாவது இன்று யமா-சானுக்காக வியர்வை சிந்துகிறவர்கள் தங்கள் நாளைய எதிரியை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் சிரிப்பில் இருக்கும் கசப்பை விளக்கம் சொல்லாமலே சோடா பிடித்திருக்கிறார்.

வாக்குச்சீட்டு, பட்டை, வேன் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு நியமனம். மேலே இருப்பவர்கள் ஓர் ஆளைப் பொறுக்கி எடுத்து, நீ இங்கே உட்கார் என்கிறார்கள். நம் ஊரில் அது கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. கவாசாக்கியில் தெருவில் நடக்கிறது. நாள் கணக்கில் கால் கடுக்க நின்று பெயரைச் சொல்லியாக வேண்டும். இந்த வித்தியாசம் பெரியதா சிறியதா என்று எனக்குள் பெரிய விவாதமே நடந்தது. பெரியது என்றே இன்னமும் நினைக்கிறேன். தன்னை யாரும் மதிக்காத ஒரு தெருவில் நின்று பழகுவதில் ஓர் ஆளுக்கு ஏதோ நடக்கிறது. யமா-சானுக்கு நடந்தது என்பதற்கு அடுத்த படமே சாட்சி.

யமா-சான் அந்தத் தேர்தலில் ஜெயித்தார். 2007இல் கட்சி அவரை மறுபடியும் நிறுத்தவில்லை. மகனைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தார். கனாய் என்ற சொல் கடைசியில் அவருக்கே பொருந்திப் போனது என்று சயூரி சிரித்திருக்கலாம். 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் புகுஷிமா அணு உலை விபத்தும் நடந்தன. ஏப்ரலில் நகர மன்றத் தேர்தல். எந்த வேட்பாளரும் அணு உலையைப் பற்றி வாய் திறக்கவில்லை என்ற கோபத்தில் யமா-சான் சுயேச்சையாக நின்றார். வேன் இல்லை, கும்பிடு இல்லை, சில்லறைச் செலவு. சோடா அதையும் படமெடுத்து 2013இல் 'செங்க்யோ 2' என்று வெளியிட்டார். வேறு சில வேட்பாளர்கள் எங்களைப் படமெடுக்காதே என்று அவரோடு மல்லுக்கு நிற்பதும் அதில் இருக்கிறது. கடைசி நாளில் கதிர்வீச்சுத் தடுப்பு உடையைப் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்கு முன்னால் யமா-சான் பேசுகிறார். யாரும் நிற்கவில்லை. தோற்றுப்போனார்.

பெயரை மட்டும் சொன்னபோது ஜெயித்தவர், சொல்ல விஷயம் இருந்தபோது தோற்றார். இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது வாக்காளர்களும் தப்பிக்க முடியாது. முதல் படத்தில் நம் சிரிப்புக்கு ஆளானவர்கள் கட்சிக்காரர்கள். இரண்டாவதில், காது கொடுக்காமல் நடந்து போகும் கால்கள். உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசும் என் போன்றவர்கள் அந்தக் கால்களை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

*

இனி, என் குறை. அதைக்கூட நான் கண்டுபிடிக்கவில்லை. படம் முடிந்ததும் தாத்தா கேட்டார்: "ஜெயிச்ச பிறகு லொங்காங் சரி பண்ணானா?"

"படத்துல அது இல்ல தாத்தா."

"அப்ப என்னாத்துக்கு இவ்ளோ நேரம் காட்டுனான்?"

கவாசாக்கியில் அடைத்துக்கொண்ட லொங்காங் எது, எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லை, எந்தத் தெருவுக்குப் பேருந்து வருவதில்லை என்று இரண்டு மணி நேரம் பார்த்த எனக்கு ஒன்றும் தெரியாது. சோடா தன் படங்களுக்குச் சில விதிகள் வைத்திருக்கிறார். முன்கூட்டி ஆய்வு செய்யக் கூடாது, திரைக்கதை கூடாது, இசையும் விளக்கக் குரலும் கூடாது, கிடைப்பதைப் பார். 'அவதானிப்புப் படம்' என்று அதற்குப் பெயர். வேட்பாளர் ஊரைப் பற்றிப் பேசாதபோது படம் எப்படிப் பேசும் என்று சோடாவின் பக்கம் நின்று கேட்கலாம். ஆனால் கேமராவுக்குக் கால் இருக்கிறது. யமா-சானை விட்டுவிட்டு ஒரு சந்துக்குள் திரும்பியிருக்கலாம். ஜெயித்த பிறகு மன்றக் கூட்டம் ஒன்றில் போய் உட்கார்ந்திருக்கலாம். பிரச்சாரத்தின் வெறுமையைக் காட்ட வந்த படம், அந்த வெறுமைக்குள்ளேயே குடியிருந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான படம் ஃபிரெடெரிக் வைஸ்மனின் 'சிட்டி ஹால்' (2020). அமெரிக்காவின் போஸ்டன் மாநகர மன்றம். நாலரை மணி நேரம். அதிலும் விளக்கக் குரல் கிடையாது. மக்கள் புகார் சொல்லும் தொலைபேசி மையத்தில் ஆரம்பிக்கிறது. கல்யாணப் பதிவு, கட்டடச் சோதனை, குப்பை லோரி ஒரு மெத்தையை மென்று விழுங்கும் காட்சி, முடிவே இல்லாத கூட்டங்கள். மேயர் மார்ட்டி வால்ஷ் வந்து வந்து பேசுகிறார். எனக்கு அது சொர்க்கம், என் அலுவலக வாழ்க்கையை இவ்வளவு மரியாதையாக யாரும் படமெடுத்ததில்லை. ஆனால் அங்கே தேர்தலைக் காணோம். அந்த மேயர் அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார், யாரிடம் குனிந்தார் என்பது படத்துக்கு வெளியே இருக்கிறது. சோடாவிடம் ஊர் இல்லாத தேர்தல், வைஸ்மனிடம் தேர்தல் இல்லாத ஊர். இரண்டையும் ஒரே கதைக்குள் கொண்டுவருவது கஷ்டம் போல.

நம் எழுத்து எதைக் கொண்டுவந்தது? தோட்டத்தை எழுதினோம், நன்றாகவே எழுதினோம். தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்துக்கு வந்ததையும் எழுதினோம். பட்டணத்துக்கு வந்த பிறகு நான் வாசித்த கதைகளில் நகராண்மைக் கழகம் ஒரே மாதிரிதான் வருகிறது. லோரியில், சீருடையில். கடையை உடைக்கும் அல்லது கோயிலை உடைக்கும். அப்புறம் அழுகை, கதை முடிந்துவிடும். பொய்யென்று சொல்லமாட்டேன், நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த லோரிக்கு உத்தரவு எழுதப்பட்ட மேசைக்கு எந்தப் பாத்திரமும் போவதில்லை. நிரந்தரக் குழுக் கூட்டத்தில் கொட்டாவி விட்டபடி கையைத் தூக்கும் நியமன கவுன்சிலர் ஒருவர், அவரும் நம்மாளாக இருக்கலாம், இன்னும் கதைக்குள் வரவில்லை. தோட்டத்தில் துரை, கங்காணி, கிராணி என்று அதிகாரத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு முகம் இருந்தது. பட்டணத்தில் முகமே இல்லை, வெறும் லோரி. நாம் தேர்ந்தெடுக்காத ஆளை நாம் பார்ப்பதும் இல்லை, பார்க்காத ஆளை எழுதுவதும் இல்லை என்று எனக்குப் படுகிறது.

இதில் நான்தான் முதல் குற்றவாளி. வாரா வாரம் அந்தக் கட்டடத்துக்குள் போய் வருகிறவன். இரண்டு சிறுகதை எழுதியிருக்கிறேன், இரண்டும் நான் வாழ்ந்தே இராத தோட்டத்தைப் பற்றி.

போன வாரம் மன்றத்தின் இணையத்தளத்தில் கவுன்சிலர் பட்டியலைத் தேடிப் பிடித்தேன். எங்கள் பகுதிக்கு ஒருவர் இருக்கிறார். படம், பெயர், அலுவலக எண். தாத்தாவிடம் காட்டினேன். கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த ஆளு நம்ம வூட்டுக்கு வந்திருக்கானா?" என்றார்.

இல்லை என்றேன். மாதக் கூட்டத்தில் பொதுமக்கள் உட்கார இடம் உண்டா என்று கேட்டு அந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அனுமதி கிடைத்தால் நோட்டுப் புத்தகத்தோடு போவேன்.